ஒன்பதாவது கட்டம்

ஒன்பது என்றார் டாக்டரம்மா. ஒன்பது என்று நர்ஸும் திருப்பிச் சொன்னாள். அதற்கப்புறம் என் முதுகுக்கு மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றுகிறது. குப்புறப் படுத்திருக்கிறேன், தாடை ரெக்சின் மெத்தையில் ஒட்டிக்கொண்டு வியர்க்கிறது. ஒன்பதில் என்ன வைத்தார்கள் என்று நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை இதே மேசையில் உட்கார வைத்து, எந்தச் சாமான் எனக்கு ஆகவில்லை என்று பார்க்க முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிளாஸ்திரி ஒட்டினபோது டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேதான் வைத்தார், மூன்றாவது வரைக்கும் கவனித்தேன், நாலாவதில் கோட்டைச்சாமி முகம் வந்துவிட்டது, அப்புறம் எங்கே கவனிப்பது. கோட்டைச்சாமி என் தங்கச்சி பஞ்சவர்ணத்தின் புருஷன். இருபது வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே ஏணி, ஒரே வாளி, மதுரையில் நாங்கள் போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது. அவன் காய்ச்சின பசையைக் கையால் அள்ளி அள்ளித்தான் என் கை இப்படிப் போனது, விரலிடுக்கு வெடித்து நீர் வடிந்து, சோற்றைப் பிசைந்தால் உயிர் போகிறது. சொன்னால் யாரும் நம்பவில்லை. சரி, முதுகு சொல்லட்டும் என்று வந்து படுத்திருக்கிறேன். பசை வைத்த கட்டம் சிவந்தால் அவன் குற்றவாளி. டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், சிவந்தது என்றால் அவன் மகள் நாகஜோதி கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான், மாலையை எவன் கையால் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று. என் மகள் பாண்டீஸ்வரிதான் விடவில்லை. “செவக்கலைன்னா?” என்றாள். “செவக்கலைன்னா வர்றேன் போ.” “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல” என்று டீ ஆற்றுகிறவனையும் சேர்த்துச் சாட்சிக்கு இழுத்தாள். கல்யாணம் நாளைக் கழித்து மறுநாள். ஒன்பது. பசை ஒன்பதாகத்தான் இருக்க வேண்டும். இருக்கும்.

பாண்டீஸ்வரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளையும் முழுக்க நம்புவதற்கில்லை. அத்தை வீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு நாளைக்கு அவள் குரலே மாறிப்போகும். கையில் படுகிற சாமான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா போன வாரம் சொன்னவுடனே, “மாமாகிட்டயே பசை வாங்கிட்டு வந்துர்றேன்ப்பா” என்று கிளம்பினாள். அவனிடமே போய்க் கேட்டால் அன்றைக்கென்று சுத்தமாக ஒரு கிண்ணம் காய்ச்சிக் கொடுக்க மாட்டானா, எனக்குத் தெரியாதா அவனை. வேண்டாம் என்று அவளை உட்கார வைத்துவிட்டு நானே போனேன். சுப்பிரமணியபுரம் பக்கம் அவன் ஒட்டின போஸ்டர் ஒன்றைப் பார்த்து, பின்பக்கம் காய்ந்து கிடந்த பசையைக் கத்தியால் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு கையிலும் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் சுரண்டினேன். சுவரைப் போய்ச் சுரண்டுகிறானே கிழவன் என்று ஒரு பூக்காரி பார்த்தாள், பார்க்கட்டும். அதைத் தவிர வாளியில் பிடித்திருந்த பழைய பசை ஒரு சில்லு, பசையில் போடுகிற மயில்துத்தம் ஒரு பொட்டு, அச்சுமை படிந்த தாள், துணி சோப்பு, இன்னும் என்னென்னவோ பாண்டீஸ்வரி மஞ்சள் பையில் அள்ளிப் போட்டாள். எல்லாம் என் கண் முன்னால்தான். ஆகவே டப்பாவில் இருந்தது அவன் பசைதான், அதில் ஏமாற்று நடக்க வழியில்லை. இங்கே நடந்தால்தான் உண்டு. நர்ஸுக்கு எந்த ஊர் என்று கேட்டேன், திருமங்கலம் என்றாள். கோட்டைச்சாமியின் பெரியம்மா வீடு திருமங்கலம்.

“அய்யா, தூங்கிட்டீங்களா?” என்கிறார் டாக்டரம்மா. நாகர்கோயில் பக்கத்துப் பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இறக்கி வைக்கிறார். “இல்ல தாயி. ஒம்போதுல என்ன இருக்கு?” “முடிச்சிட்டு மொத்தமா சொல்லுதேன். இப்ப சொன்னா நீங்க எந்திரிச்சு உக்காந்துருவீங்க.” ஏன் எழுந்து உட்கார வேண்டும்? கோபம் வருகிற மாதிரி ஏதோ இருக்கிறது, அதனால்தான். கோபம் வருகிற மாதிரி இருந்தால் அது பசைதான். “மொதல்ல மரத்துப்போக ஊசி போடுவோம். எறும்பு கடிக்கும்.” எறும்பு இல்லை, குளவி. அப்புறம் அந்த இடம் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது, விரலால் அழுத்துகிறார், அழுத்துவது தெரிகிறது, தோல் தெரியவில்லை. அங்கே இருந்து அரிசி மணி அளவு ஒரு துண்டு எடுப்பார்களாம். திங்கட்கிழமை அதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கொட்டை எழுத்தில் எது இருந்தாலும் வாசிப்பேன், போஸ்டர் பார்த்துப் படித்த படிப்பு அது. அவர்கள் நீட்டின தாளில் எல்லாம் எறும்பு எழுத்து. பாண்டீஸ்வரி வாசித்துக் காட்டினாள். எதையாவது தாண்டி வாசித்தாளோ என்னவோ. எதுக்கும்மா என் தோலு என்று அன்றைக்கே கேட்டேன். அதற்கு டாக்டரம்மா சொன்ன பதிலை இரண்டு ராத்திரியாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். தோலுக்குள்ளே மயிரை விடச் சின்னதாக ரத்தக்குழாய் ஓடுகிறதாம். உள்பக்கம் அதற்கும் சுவர் உண்டு, சும்மா இருக்கிற நாளில் அந்தச் சுவர் வழவழவென்று இருக்கும், ரத்தம் தன்பாட்டுக்குப் போகும். ஆகாத சாமான் மேலே பட்டுவிட்டால் அந்தச் சுவரில் ஒட்டுப்பொருள் முளைக்கிறது. ரத்தத்தோடு போகிற வெள்ளை அணுக்கள் அதில் மாட்டி, உருண்டு, நின்று, சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. அவை கூடிவிட்ட இடம்தான் சிவக்கிறது, வீங்குகிறது, அரிக்கிறது. எந்த ஒட்டு முளைக்கிறது, எவ்வளவு முளைக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கப் போகிறார், அதுதான் அவர் ஆராய்ச்சிப் படிப்பு. “அப்ப நாங்களும் நீங்களும் ஒரே தொழிலுங்க” என்றேன், சிரித்தார். ஆனால் ஒரே தொழில் இல்லை. நாங்கள் சுவருக்குப் பசை தடவுகிறோம். சுவர் சும்மா நிற்கும். இங்கே சுவரே பசையைக் கக்குகிறதாம், அந்தப் பக்கமாகத் தன்பாட்டுக்குப் போகிறவனை இழுத்து ஒட்ட வைக்கிறதாம். அப்படி ஒரு சுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியென்றால் குற்றம் யாருடையது, சுவருடையதா, சுவரைக் கக்க வைத்தவனுடையதா? கக்க வைத்தவனுடையதுதான். அவன் பாட்டுக்கு இருந்திருந்தால் சுவர் பாட்டுக்கு இருந்திருக்கும்.

நல்லாத்தான் இருந்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஏணியைப் பிடிக்கத் தெரியாது, மேலே நான் நின்றால் கீழே அவன் வேடிக்கை பார்ப்பான், மில் சுவரில் ஒருநாள் பசை வாளியோடு அவன் தலையிலேயே இறங்கினேன், இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தோம், காதில் எல்லாம் பசை. பஞ்சவர்ணம் அரப்பு போட்டுத் தேய்த்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான், “நீங்க உக்காருங்க மச்சான், பசையை இனிமே நான் காய்ச்சுறேன், முட்டிவலியோட அடுப்புக்கிட்ட எதுக்கு நிக்கிறீங்க” என்றான். கரிசனம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஒருத்தன் கேட்காமல் உன் வேலையை எடுத்துச் செய்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. மைதாவைக் காய்ச்சி இறக்கும்போது மாடு நக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம், அளவு போடத் தெரிய வேண்டும். அந்த மாசமே விரலிடுக்கில் எரிச்சல். சின்ன வெடிப்பு. “ஒனக்கு எரியலையா மாப்ள?” என்று கேட்டேன். “எனக்கு ஒண்ணும் இல்லையே மச்சான்” என்றான். ஒரே வாளி, ஒரே பசை, எனக்கு எரிகிறது, அவனுக்கு ஒன்றும் இல்லை! மறுநாளே கீழமாசி வீதிக்குப் போய்க் கறுப்பு ரப்பர் கிளவுஸ் வாங்கினேன், முழங்கைக்குப் பாதி வரும், அவன் பசை எனக்குள் ஏறாதபடிக்கு. அதைப் பார்த்ததும் அவன் சொன்ன வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. “அதக் கழத்துங்க மச்சான், உள்ள வேர்த்து இன்னும் புண்ணாகும்.” ஒருதரம் சொல்லவில்லை, பார்க்கிற போதெல்லாம் சொன்னான். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தே கழற்றப் பார்த்தான். காவலைக் கழற்று கழற்று என்று எவன் சொல்லுவான்? உள்ளே நுழைய நினைக்கிறவன்தான் சொல்லுவான். அன்றைக்கு முடிவு பண்ணினேன். கழற்றவில்லை, ராத்திரி களிம்பு தடவி அதற்கு மேலும் கிளவுஸ் போட்டுக்கொண்டு படுத்தேன். கை மோசமானதே தவிரக் குறையவில்லை, அந்த அளவுக்கு ஏற்றிவிட்டிருக்கிறான் என்று தெரிந்தது. நான் காளவாசல் பக்கம் போகாத வாரம் பார்த்து என் சுவரில் அவன் ஏறினான். மில்லிலிருந்து பாலம் வரைக்கும் என் சுவர், அதில் அடுத்தவன் ஒரு துண்டு நோட்டீஸ் ஒட்டமாட்டான். கேட்டதற்கு, “சுவர் சும்மா கெடந்தா வேற ஆளு பிடிச்சிருவான், ஒங்க பேருக்குத்தான் மச்சான் ஒட்டி வச்சிருக்கேன்” என்றான். என் கையைக் கெடுத்தான், என் சுவரை எடுத்தான், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவனா நான். ஒரு வருஷம் ஆகிறது அவனோடு பேசி. வேலைக்குப் போகவில்லை, பசையைத் தொடவில்லை, ஆனாலும் கை ஆறவில்லை. ரத்தத்திலேயே கலந்துவிட்டது என்றுதான் அர்த்தம். என் வாளியில், ஏணியில், வீட்டுக் கதவில் எல்லாம் அவன் பசைதான், அதனால் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கிளவுஸ். இங்கே மட்டும்தான் கழற்றச் சொல்கிறார்கள், மஞ்சள் பையில் இருக்கிறது, கை வெறுமையாகத் தொங்குவது என்னவோ போலிருக்கிறது.

ஏதோ இழுக்கிறது. வலி இல்லை, இழுப்பு. ஒரு தையல் என்கிறார். கத்தரி நறுக்கென்கிறது, நர்ஸ் எதையோ குப்பியில் போடுகிறாள், அது நான். ஒரு அரிசி மணி நான் குப்பிக்குள் போகிறேன். “ஒண்ணு முடிஞ்சிது அய்யா. இன்னொண்ணு ஒண்ணுமே ஒட்டாத எடத்துல எடுக்கணும். அன்னைக்கே சொன்னேன்லா.” சொன்னார். அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. கெட்ட தோலை எடுப்பது சரி, நல்ல தோல் எதற்கு? நல்ல தோல் வேண்டும் என்று யார் கேட்டது? போன வருஷம் தீக்காயக்காரனுக்கு யாருடைய தோலையோ வைத்துத் தைத்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். “நல்ல தோல எதுக்குத் தாயி கெடுக்கணும்?” “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான், எது புதுசா வந்ததுன்னு தெரியும். ஒங்களுக்கு எப்பவுமே அப்படித்தானா, இல்ல இப்பத்தான் அப்படி ஆச்சான்னு தெரியணும்லா.” எப்பவுமே அப்படித்தானா. இதைப் பஞ்சவர்ணமும் கேட்டாள், ஆனால் வேறு மாதிரி கேட்டாள், “நீ எப்பவுமே இப்படித்தானாண்ணே” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், கல்யாணப் பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினபடி. நான் வாங்கவில்லை. தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். “வேண்டாம்னா எடுக்க மாட்டேன் அய்யா. ஒங்க இஷ்டம்தான்” என்கிறார் டாக்டரம்மா. இப்படிச் சொல்கிறவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். ஆனால் குரலில் அவசரம் இல்லை, நிஜமாகவே காத்திருக்கிறார், காலை மாற்றி நிற்பது கூடக் கேட்கிறது. “ஒண்ணு கேக்குறேன் சொல்லுங்க. ஒரு தடவ ஆகலைன்னு தோலு முடிவு பண்ணிருச்சுன்னா, அப்புறம் மறக்குமா?” “மறக்காது. பத்து வருசம் கழிச்சுப் பட்டாலும் ஞாவகம் வச்சு வீங்கும்.” அதைக் கேட்டதும் முதல்முறையாக என் தோல் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. என் தோல்தான். “மறக்காதுன்னா சரி. எடுத்துக்கங்க” என்றேன். மறுபடி குளவி. மறுபடி இழுப்பு. ஒன்றுமே நடக்காத இடத்தில் இருந்து ஒரு அரிசி மணி.

“எந்திரிங்க, மெதுவா.” எழுந்து உட்கார்ந்தால் அறை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. பாண்டீஸ்வரி உள்ளே வந்துவிட்டாள், டாக்டரம்மா கூப்பிட்டாரா, அவளாகவே வந்தாளா தெரியாது. போனில் என் முதுகைப் படம் எடுத்து என் முன்னால் நீட்டுகிறாள். அறுபத்தாறு வருஷத்தில் என் முதுகை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை, யாரோ கிழவன் முதுகு, பேனாவால் கட்டம் போட்டு நம்பர் எழுதி, ஏலத்துக்கு விட்ட சுவர் மாதிரி. ஒரே ஒரு இடம் மட்டும் கொப்புளமாகச் சிவந்து நிற்கிறது, பக்கத்தில் தையல். மற்றதெல்லாம் வெறும் தோல். “இந்தா இது மாமாவோட பசைப்பா, நாலு. ஒங்க வாளிப் பசை அஞ்சு. மயில்துத்தம் ஆறு” என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டுகிறாள். நாலு வெறும் தோல். அஞ்சு வெறும் தோல். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆறும் அப்படியே. “ஒம்போது?” என்றேன். அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். “ஒம்போது ஒங்க கிளவுஸ் அய்யா. திங்கக்கிழம நீங்க கழத்தி வச்சப்ப ஓரத்துல இருந்து நறுக்கி வச்ச துண்டு. ரப்பர்ல கலக்குத சாமான் ஒங்களுக்கு ஆகல. மொதல்ல பசை பட்டுச் சும்மா கொஞ்சம் வெடிச்சிருக்கும், அது யாருக்கும் வரும், நாலு நாள்ல ஆறிரும். ஆறவிடாம செஞ்சது இதுதான். கையில புண்ணு கிளவுஸ் நிக்கித எடத்துலயே கோடு போட்ட மாதிரி நிக்கி, பாருங்க.” பார்த்தேன். நிற்கிறது. முழங்கைக்குப் பாதியில், வளையம் போட்ட மாதிரி. இத்தனை நாள் அந்தக் கோட்டைப் பார்த்து, கிளவுஸ் இருந்ததால்தான் அதற்கு மேல் ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். குற்றவாளி கிளவுஸ் விற்றவன். அவன்தான். ஆனால் அவன் இதை எடுத்துக் கொடுக்கவில்லை, துணி கிளவுஸ்தான் கொடுத்தான், இது வேண்டாம், அந்தக் கறுப்பு ரப்பரைக் கொடு என்று நானேதான் கைநீட்டிக் கேட்டேன். அப்படியென்றால் துணியைக் காட்டி என்னை ரப்பரைக் கேட்க வைத்தவன். இல்லை. யாராவது போடச் சொன்னார்களா, யாராவது சொல்லியிருக்க வேண்டுமே, மூன்று வருஷத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறேன், கிளவுஸ் பற்றி என்னிடம் பேசின வாய் ஒன்றே ஒன்றுதான் வருகிறது, கழற்றுங்கள் மச்சான், கழற்றுங்கள் மச்சான் என்று. பாண்டீஸ்வரி மஞ்சள் பையிலிருந்து கிளவுஸை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடப் போனாள். “அதுல இல்லக்கா, செவப்புல” என்றாள் திருமங்கலத்து நர்ஸ். சிவப்பில் விழுந்தது. கனமாக விழுந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுவும் பேசி வைத்துக்கொண்டது மாதிரிதான் இருந்தது.

காலையில் வரும்போது ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், பாண்டீஸ்வரி தூக்கம் என்று நினைத்திருப்பாள். ஊரெல்லாம் கல்யாணப் போஸ்டர் ஒட்டியிருப்பான் கோட்டைச்சாமி, அவன் மகள் கல்யாணத்துக்கு ஒட்டாமல் வேறு எதற்கு ஒட்டுவான், அதில் தாய்மாமன் இடத்தில் என் படத்தை எடுத்துவிட்டு என் பெரியப்பா மகன் படத்தைப் போட்டிருப்பான், அதை ஏன் பார்ப்பானேன் என்று. இப்போது பக்கவாசல் வழியாக வெளியே வந்தால் வெயில் மூஞ்சியில் அறைகிறது, கண்ணை மூட முடியவில்லை, எதிரே லாரி ஷெட் சுவர். ஒரு காலத்தில் அதுவும் நான் பிடித்த சுவர்தான். நடுவில் ஒற்றைப் போஸ்டர், மஞ்சளும் ரோஸும், மேலே நாகஜோதியும் மாப்பிள்ளையும், கீழே வரிசையாகத் தலைகள். ரோட்டைத் தாண்டிப் போனேன், பாண்டீஸ்வரி ஆட்டோ கூப்பிடுகிற சாக்கில் பின்னாலேயே நின்றுவிட்டாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். தாய்மாமன் மு. சங்கிலி. என் படம் பெரிது, மற்ற தலைகளைவிடப் பெரிது, மீசைக்குக் கறுப்பு ஏற்றிய பழைய படம். மேல்மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூலைக்குப் பசை மிச்சம் பிடிப்பான், இருபது வருஷமாகச் சொல்லியும் திருந்தவில்லை, காற்றடித்தால் சாயங்காலத்துக்குள் பாதி போஸ்டர் கிழிந்து தொங்கும், அதில் என் தலையும் போகும். வெறும் கையை மூலையில் வைத்து அழுத்தினேன். விரலிடுக்கு எரிந்தது. குளிர்ச்சியாக இருந்தது, பசை இன்னும் காயவில்லை, ஒட்டி அரைமணி கூட ஆகியிருக்காது. நான் இந்த வாசல் வழியாக இந்த நேரத்துக்கு வெளியே வருவேன் என்று அவனுக்கு யார் சொன்னது? திரும்பிப் பார்த்தேன். பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு போனை முந்தானைக்குள் சொருகினாள். மூலையில் வைத்த கையை நான் எடுக்கவில்லை, நன்றாக ஒட்டட்டும் என்று அழுத்திக்கொண்டே நின்றேன்.